பாலத்தடியில் மடங்கும் பாய்மரம்: ஒரு சிறு படகை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஆறுகளையும் ஆழமற்ற ஏரிகளையும் சேர்த்து ‘பிராட்ஸ்’ என்கிறார்கள். இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. இடைக்காலத்து மக்கள் அடுப்பெரிக்கப் பீட் எனப்படும் கரிமண்ணை வெட்டியெடுத்த குழிகளே பின்னாளில் நீர் புகுந்து ஏரிகளாயின என்பதை 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளரின் ஆய்வுகள் நிலைநாட்டின. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்குப் படகு செல்லக்கூடிய இந்த நீர்வழிகளில் பாய்ப்படகுக்காரர்களுக்கு உள்ள பெருந்தடை பாலங்கள்தான். தர்ன் ஆற்றின் குறுக்கே பாட்டர் ஹைகமில் நிற்கும் இடைக்காலக் கல்பாலத்தின் நடு வளைவுக்குக் கீழே, சராசரி உயர்நீரின்போது, சுமார் 2 மீட்டர் இடைவெளிதான் இருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி ஏ149 சாலைப் பாலமும் தாழ்வாகவே குறுக்கிடுகிறது. இவ்விரண்டையும் கடந்தால்தான் அந்தப் பகுதியின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றான ஹிக்லிங்கை அடைய முடியும்.

என் நண்பர் ஒருவர் எசெக்ஸ் கடற்கரையிலிருந்து வாங்கிவந்த மரப்படகு இந்த நீர்வழிக்காகக் கட்டப்பட்டதல்ல. அதன் பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, படகின் முதுகெலும்பான ஏராவின் மீது ஊன்றி நின்றது. அதை இறக்க வேண்டுமானால் பட்டறைக்குச் சென்று பாரந்தூக்கியால் நிமிர்த்தி உருவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அப்படிச் செய்யலாம். ஒரு பிற்பகலில் இரண்டு பாலங்களைக் கடப்பதற்கு அது வழியல்ல. அந்தப் பாய்மரத்தைப் படகில் இருப்பவர்களே மடக்கி நிமிர்த்தும்படி மாற்றியமைத்ததன் முழு விவரமே இக்கட்டுரை. கணக்குகளும் வடிவமைப்பும் என் பொறுப்பு. மரவேலையை நண்பர் செய்தார். உள்ளூர்ப் படகுப் பட்டறையின் முதிய தச்சர் ஒருவர் தம் அனுபவத்தைத் தாராளமாகத் தந்தார். முதல் வடிவமைப்பில் நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான பாடம் அந்தப் பிழையில்தான் இருக்கிறது.

படகின் அளவுகள்

நீளம் 6.7 மீட்டர், அகலம் 2.1 மீட்டர், எடை சுமார் 1,400 கிலோ. பாய்மரம் திண்மையான ஸ்புரூஸ் மரத்தால் ஆனது. அடியிலிருந்து உச்சிவரை 8.4 மீட்டர், அதில் 1.1 மீட்டர் தளத்துக்குக் கீழே இருந்தது. அடிப்பகுதியில் அதன் குறுக்குவெட்டு முன்பின்னாக 120 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 95 மில்லிமீட்டர். படகின் முன்பகுதியான அணியத்தின் முனையிலிருந்து 2.3 மீட்டர் பின்னால் அது நின்றது. பக்கவாட்டுக் கம்பிவடங்களும் முன்வடமும் தளத்திலிருந்து 5.6 மீட்டர் உயரத்தில் மரத்தைப் பற்றியிருந்தன. கம்பிவடங்களின் கீழ்முனைகள் மரத்துக்கு நேர் பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 0.95 மீட்டர் தள்ளி, தளத்தோடு பூட்டப்பட்டிருந்தன.

இந்த அளவுகளை இவ்வளவு நுணுக்கமாகத் தருவதற்குக் காரணம் உண்டு. பாய்மரத்தை மடக்குவது என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கீல். கீல் இந்த வேலையில் எளிதான பங்கு. நேராக நிற்கும் பாய்மரத்தை எப்படித் தாங்குவது என்பது நன்கு தெரிந்த கணக்கு. படுத்துக் கிடக்கும் பாய்மரத்துக்கு ஒரு கவை போதும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் மரத்தை எது பிடித்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை, மேற்சொன்ன அளவுகள் ஒன்றோடொன்று கொண்டிருக்கும் உறவில்தான் கிடைக்கிறது.

வெரிகளிடம் கற்றதும் விட்டதும்

இந்த ஆறுகளில் பல தலைமுறைகளாகச் சரக்கு ஏற்றிச்சென்ற ‘வெரி’ என்ற ஒற்றைப் பாய்ப்படகுகள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருந்தன. 1898-இல் கட்டப்பட்டு இன்றும் மிதந்துகொண்டிருக்கும் ‘ஆல்பியன்’ அவற்றில் ஒன்று. அதைக் காப்பதற்காகவே 1949-இல் நார்ஃபோக் வெரி டிரஸ்ட் தொடங்கப்பட்டது. வெரியின் பாய்மரத்துக்குப் பக்கவாட்டு வடங்களே கிடையாது. முன்வடம் ஒன்றே உண்டு. மரத்தின் அடிமுனையில் டன் கணக்கில் ஈயத்தைக் கட்டி எடையைச் சமன் செய்திருப்பார்கள். முன்வடக் கயிற்றைத் தளர்த்தினால் அவ்வளவு பெரிய மரம் ஏற்றக்கோல் போல மெல்லப் பின்னால் சாயும். ஈயம் கட்டிய அடிமுனை முன்தளத்தின் திறப்பு வழியாக மேலெழும். ஓட்டம் குறையாமலே பாய்மரத்தைச் சாய்த்து, வேகத்திலேயே பாலத்தைக் கடந்து, மறுபுறம் மீண்டும் நிமிர்த்திப் பாய் விரிப்பது வெரிக்காரர்களின் வழக்கமான திறமையாக இருந்தது.

நாங்களும் முதலில் அதைத்தான் எண்ணிப் பார்த்தோம். வெட்டிச் சீர்செய்த பிறகு வடங்களோடு எங்கள் பாய்மரத்தின் எடை 34 கிலோ. அச்சாணிக்கு மேலே 2.35 மீட்டரில் அதன் எடைமையம். ஆக, மரம் கிடையாக இருக்கும்போது தாங்க வேண்டிய திருப்பம், அதாவது எடையைக் கிலோவிலும் நெம்புகோல் தூரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கிய அளவு, ஏறத்தாழ 80 கிலோ-மீட்டர். இதைச் சமன்செய்ய, அச்சாணிக்கு 0.7 மீட்டர் கீழே உள்ள அடிமுனையில் 114 கிலோ ஈயம் கட்ட வேண்டும். 1,400 கிலோ படகில், தளத்துக்கு மேலே, அவ்வளவு ஈயத்தை நிரந்தரமாகச் சுமப்பது சரியாகாது. மரத்தை வெட்டாமல் ஏராவரை நீட்டியே விட்டால் நெம்புகோல் 1.95 மீட்டராகி ஈயம் 41 கிலோவாகக் குறையும். ஆனால் அந்த அடிமுனை மேலெழுந்து வெளிவர முன்தளம் முழுவதையும் நீளவாக்கில் பிளக்க வேண்டியிருக்கும். நண்பர் கோடையில் கடலுக்கும் செல்வார். அலை ஏறும் முன்தளத்தில் அப்படியொரு பிளவை வைத்திருப்பது ஆற்றுப்படகுக்குப் பொருந்தலாம். கடலுக்குச் செல்லும் படகுக்குப் பொருந்தாது. எனவே எதிரெடையைக் கைவிட்டோம்.

மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். தளமட்டத்திலேயே மரத்தை வெட்டிக் கீல் வைப்பது ஒன்று. அது எளிது, ஆனால் மரம் சாயும்போது அறையின் கூரை குறுக்கே நிற்கும். மற்றொன்று, தளத்தின் மீது மூன்று பக்கமும் மூடிய உலோகக் கூடு ஒன்றை நிறுத்தி, அதன் மேல்முனையில் அச்சாணியை வைத்து, மரத்தின் அடிப்பகுதி கூட்டுக்குள் தொங்குமாறு அமைப்பது. இதை இங்கே டேபர்னகிள் என்பார்கள். நான் கூடு என்றே எழுதுகிறேன். அச்சாணியைத் தளத்துக்கு 0.85 மீட்டர் மேலே வைத்தால் மரம் கூரையைத் தொடாமல் அதன் மேலாகப் படுக்கும். தளம் நீர்மட்டத்துக்கு 0.65 மீட்டர் மேலே இருப்பதால் அச்சாணியின் உயரம் நீரிலிருந்து 1.5 மீட்டர், மரத்தின் தடிப்பையும் கூட்டின் உச்சியையும் சேர்த்தால் 1.65. பாட்டர் ஹைகமின் வளைவு இருபக்கமும் விரைந்து தாழ்வதால் நடுக்கோட்டில் மட்டும் இடமிருந்தால் போதாது. அதையும் அளந்து பார்த்த பின்னரே கூட்டை முடிவு செய்தோம்.

மரத்தை வெட்டியபோது

நல்ல நிலையில் உள்ள பாய்மரத்தை வெட்டுவதற்கு நண்பரின் மனம் எளிதில் இசையவில்லை. அவர் தயங்கியது இயல்பு. வெட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஆனால் மரத்தை உருவியெடுத்துத் தளத்துளையை ஒட்டிய பகுதியைச் சுரண்டிப் பார்த்தபோது, தோல் உறைக்கு அடியில், ஒரு கையளவு நீளத்துக்கு மரம் கறுத்து இற்றுப்போயிருந்தது. கடல்நீர் மரத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை; மரத்தின் வழியே வழிந்து உறைக்குள் தேங்கும் மழைநீர்தான் பூஞ்சைக்கு இடம்கொடுக்கிறது. தளத்தைத் துளைத்து நிற்கும் எந்தப் பழைய பாய்மரத்திலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. கெட்ட பகுதியை முழுவதும் நீக்கத் தளமட்டத்திலிருந்து மேலும் 15 சென்டிமீட்டர் வெட்ட வேண்டியதாயிற்று. அந்தக் குறையை ஈடுகட்டக் கூட்டின் அடித்தட்டை 15 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினோம். அதனால்தான் அச்சாணிக்கும் அடிமுனைக்கும் இடையே 0.7 மீட்டர் என்ற அளவு வந்தது.

வெட்டியவுடன் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிடுகின்றன. முதலாவது, பாய்மரத்தின் அழுத்தம் ஏராவுக்கு நேராகப் போகாமல் தளத்தின் மீது வந்து உட்காருகிறது. அந்த அழுத்தம் மரத்தின் எடையைப் போன்ற சிறு தொகை அல்ல. காற்று படகைச் சாய்க்கிறது, படகு தன்னை நிமிர்த்திக்கொள்ள முயல்கிறது. இந்த இழுபறி முழுவதும் கம்பிவடங்கள் வழியாகப் பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. 30 டிகிரி சாய்வில் இப்படகின் நிமிர்த்தும் திருப்பம் ஏறத்தாழ 590 கிலோ-மீட்டர் என மதிப்பிட்டேன். அதை 2.78-ஆல் பெருக்கி, நடுக்கோட்டிலிருந்து வடம்வரை உள்ள 0.95 மீட்டரால் வகுக்கும் பழைய வடிவமைப்பு விதிப்படி, அழுத்தம் 1,700 கிலோவைத் தாண்டுகிறது. 34 கிலோ மரம் தளத்தை 1.7 டன்னால் அழுத்தும் என்பதை மனத்தில் வாங்காமல் கூட்டை வெறும் தளப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்தியவர்கள், ஒரு பருவம் முடிவதற்குள் தளம் குழிந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள்.

இதற்காக அறைக்குள், பழைய ஊன்றுமிடத்தின் மீதே, 80 மில்லிமீட்டர் சதுரமான ஓக் தூண் ஒன்றை நிறுத்தினோம். 1.1 மீட்டர் நீளமே உள்ள அந்தத் தூண் வளைந்து முறிவதற்குத் தேவையான சுமை 25 டன்னுக்கும் மேல். தூணின் வலிமை ஒரு கவலையே அல்ல. கவலை, தூணின் தலைக்கும் கூட்டின் அடிக்கும் இடையே இருப்பது என்ன என்பதில் இருந்தது. இடையில் தளத்தின் உத்தரம் குறுக்காகக் கிடந்தால் அதன் இழைகள் பக்கவாட்டில் நசுங்கும். மரம் இழைப்போக்கில் தாங்குவதில் ஒரு சிறு பங்கைத்தான் குறுக்குப்போக்கில் தாங்கும். எனவே தூணைத் தளத்தோடு நிறுத்தாமல், பழைய துளையின் வழியாகவே மேலேற்றி, 15 சென்டிமீட்டர் உயரப் பீடத்தின் நடுவாக வந்து கூட்டின் அடித்தட்டை அதுவே நேரடியாகத் தொடும்படி செய்தோம். தளம் எந்தச் சுமையையும் ஏற்கவில்லை. சுற்றிலும் நீர் புகாமல் அடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இந்த யோசனையைத் தந்தவர் தச்சர். என் வரைபடத்தில் உத்தரத்துக்கு அடியில் தூண் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பென்சிலை எடுத்து உத்தரத்தை அழித்துவிட்டார்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. தளத்துக்குக் கீழே 1.1 மீட்டர் புதைந்திருந்த மரம், ஒரு கம்பிவடம் அறுந்தாலும் உடனே விழாது. துளையும் ஏராவும் அதைச் சிறிது நேரமாவது பிடித்து நிறுத்தும். கூட்டில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. ஆகவே பக்கவாட்டுக் கம்பிவடங்களை 4 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மாற்றினோம். குறுக்குப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியது. வடம் பூட்டும் தகடுகளைக் கழற்றி, மரத்துக்குள் மறைந்திருந்த போல்ட்டுகளைச் சோதித்து, அரித்துப்போன இரண்டை நீக்கினோம்.

கூடும் அச்சாணியும்

கூட்டின் இரு கன்னங்களும் பின்புறமும் 6 மில்லிமீட்டர் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டால் ஆனவை. பாய்மரம் பின்னால் சாயும்போது அச்சாணிக்குக் கீழுள்ள பகுதி முன்னால் வெளிவரும் என்பதால் முன்புறம் திறந்திருக்க வேண்டும். மரம் நிற்கும்போது அடிமுனையைப் பூட்டுவதற்கு அங்கே ஒரு குறுக்குப்பட்டை மட்டும் உண்டு. அச்சாணி 20 மில்லிமீட்டர். மரத்துக்குள் அது நேரடியாக உரசாமலிருக்க 30 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள உலோகக் குழல் ஒன்றை இபாக்சி பசையால் பதித்தோம்.

துளை எவ்வளவு வலிமையைத் தின்றுவிடும் என்று நண்பர் கேட்டார். முன்பின் வளைவைப் பொறுத்தவரை துளை மரத்தின் நடு அச்சில் இருப்பதால் இழப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பக்கவாட்டு வளைவில் அப்படி அல்ல. 120 மில்லிமீட்டரில் 30 போய்விடுகிறது, அதாவது கால் பங்கு. கூட்டின் கன்னங்கள் இருபுறமும் நெருக்கமாக அணைத்திருக்கும் இடம் அதுவே என்பதால், மரம் நிற்கும்போது இந்த இழப்பு பொருட்டல்ல. மரம் சாயும்போது நிலைமை வேறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்றொரு நுணுக்கம் எங்களை ஒரு நாள் முழுக்கக் கட்டிப்போட்டது. அடிமுனை சதுரமாக இருந்து அடித்தட்டில் முழுமையாக உட்கார்ந்தால் மரம் திரும்பவே முடியாது. அச்சாணியிலிருந்து அடிமுனையின் நடுவுக்கு 700 மில்லிமீட்டர். அதன் பின்மூலைக்கு ஏறத்தாழ 702.6. திரும்பும்போது அந்தப் பின்மூலை மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடந்தாக வேண்டும். அந்த இரண்டரை மில்லிமீட்டர் தட்டில் முட்டிக்கொள்ளும். மூலையை வளைவாகச் செதுக்கினால் அழுத்தத்தைத் தாங்கும் பரப்பு பாதியாகும். ஆகவே அடிமுனைக்கும் தட்டுக்கும் இடையே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மரம் நிமிர்ந்த பிறகு அங்கே பித்தளைத் தகடு போர்த்திய ஓக் ஆப்பை அடித்து இறுக்கும் முறைக்கு வந்தோம். ஆப்பு ஏறியதும் சுமை முழுவதும் அடிமுனை வழியாகத் தூணுக்குப் போகிறது; குழலுக்குள் சிறிது தளர்வு இருப்பதால் அச்சாணி சும்மா இருக்கிறது. யாராவது ஆப்பை மறந்துவிட்டால்? 1.7 டன்னையும் அச்சாணி எளிதாகத் தாங்கும். ஆனால் குழலுக்கு அடியிலுள்ள ஸ்புரூஸ் மரம் இழைப்போக்கில் பிளக்கத் தொடங்கும். அதனால் ஆப்பைச் சிவப்புக் கயிற்றில் கட்டி, பாய் ஏற்றும் கயிறுகளின் முடிச்சுக்கு அருகிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தால் பாய் ஏற்றக் கூடாது.

முன்வடத்தால் தூக்க முடியாத மரம்

மரத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் முன்வடத்தில் ஒரு கப்பிக்கயிறு கட்டி இழுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மரம் ஏறத்தாழ நேராக இருக்கும்வரை அது உண்மை. 45 டிகிரி சாய்ந்த நிலையில் எங்கள் மரத்தைப் பிடிக்க முன்வடத்தில் 82 கிலோ இழுவிசை போதும். 60 டிகிரியில் அது 250 கிலோவாகிறது. அதற்கு மேல் இன்னும் மோசம். அச்சாணி தளத்துக்கு மேலே உயர்ந்திருப்பதால், மரம் கிடைநிலைக்கு 20 டிகிரி மேலே இருக்கும்போது, முன்வடமும் அச்சாணியும் அணியத்தின் முனையும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் திருப்பம் பூச்சியம். அதற்கும் கீழே இழுத்தால் முன்வடம் மரத்தைத் தூக்குவதற்குப் பதிலாகக் கீழே அழுத்துகிறது.

எனவே அச்சாணி மட்டத்தில், மரத்துக்குச் செங்குத்தாக, முன்னோக்கி நீளும் 2 மீட்டர் தூக்குக்கழி ஒன்று தேவைப்பட்டது. முன்பாய் ஏற்றும் கயிற்றைக் கழியின் நுனியில் கட்டி, நுனியிலிருந்து அணியத்தின் முனைக்கு நான்கு மடிப்புக் கப்பிக்கயிறு பூட்டுகிறோம். மரம் கிடையாகப் படுத்திருக்கும்போது கழி வானை நோக்கி நிற்கும், கப்பிக்கயிறு 1.25 மீட்டர் நெம்புகோல் தூரத்தில் இழுக்கிறது. தேவைப்படும் விசை 64 கிலோ. நான்கு மடிப்பில் அது 16 கிலோவாகி, கப்பிகளின் உராய்வையும் சேர்த்தால் 20 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கிறது. கயிற்றின் கடைசி முனையைப் பின்னால் ஓட்டுநர் அமரும் குழிவரை கொண்டுவந்தோம். மரம் சாயும்போது அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

நான் செய்த பிழை

முதல் சோதனையைத் தர்ன் ஆற்றின் கரையில், காற்றில்லாத ஒரு மே மாதக் காலையில், படகைக் கட்டிவைத்தே செய்தோம். பக்கவாட்டுக் கம்பிவடங்கள் மரத்துக்கு நேர் பக்கத்தில் பூட்டப்பட்டிருப்பதால் மரம் சாயும்போதும் அவை அதைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் என்று நான் நம்பினேன். மரம் 40 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தபோது மோட்டார் படகு ஒன்று கடந்து சென்றது. அது வேகமாகவும் செல்லவில்லை. அதன் சிற்றலை எங்கள் படகை இரண்டு முறை அசைத்தது. பாய்மரம் வலப்புறம் துவண்டு, திரும்பி இடப்புறம் துவண்டது. கூட்டிலிருந்து உலோகம் முனகும் ஓசை கேட்டது. நண்பர் கயிற்றை விடாமல் பிடித்திருந்தார்; அடுத்த அலைக்கு முன் மரத்தைக் கவையில் இறக்கிவிட்டோம். யாருக்கும் காயமில்லை. கூட்டின் இடக்கன்னம் அச்சாணிக்கு அருகே 4 மில்லிமீட்டர் வெளியே வளைந்திருந்தது.

அன்று மாலையே கணக்கை மீண்டும் போட்டேன். வடங்களின் கீழ்முனை மரத்துக்கு நேர் பக்கத்தில் இருந்தது உண்மை. ஆனால் அது அச்சாணியின் மட்டத்துக்கு 0.85 மீட்டர் கீழே இருந்தது. மரம் அச்சாணியைச் சுற்றித் திரும்பும்போது வடங்களின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையேயான தூரம் குறைந்துகொண்டே போகிறது. நேராக நிற்கையில் 5.68 மீட்டராக இருந்தது, 30 டிகிரி சாய்ந்ததும் 5.58 ஆகிறது. பத்து சென்டிமீட்டர் தளர்வு சிறிதாகத் தோன்றலாம். அந்தத் தளர்வில் மரத்தின் மேற்பகுதி பக்கவாட்டில் 45 சென்டிமீட்டர்வரை ஆடலாம். கிடைநிலையில் தளர்வு முக்கால் மீட்டர். அதாவது வடங்கள் இருந்தும் இல்லாதவை.

அதே நேரத்தில் கூடும் கைவிட்டுவிடுகிறது. கூட்டின் ஆழம் 140 மில்லிமீட்டர்தான். 11 டிகிரி சாய்ந்ததுமே அடிமுனை அதைவிட்டு முன்னால் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது அச்சாணியை ஒட்டிய சிறிதளவு கன்னம் மட்டுமே. படகு 10 டிகிரி உருண்டால் மரத்தின் எடையில் 6 கிலோ பக்கவாட்டில் திரும்புகிறது; அது 2.35 மீட்டர் தூரத்தில் செயல்படுவதால் 14 கிலோ-மீட்டர் திருப்பமாகிறது. 97 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு கன்னங்களில் அது ஒவ்வொன்றுக்கும் 140 கிலோவுக்கு மேற்பட்ட விசையாக வந்து விழுகிறது. திடீர் அசைவில் அது இரு மடங்காவதும் இயல்பே. பக்கவாட்டு வலிமையில் கால் பங்கைத் துளை தின்றிருந்த இடமும் அதுதான். அன்று வளைந்தது உலோகம் என்பதும், பிளந்தது மரம் அல்ல என்பதும் எங்கள் நல்லூழ்.

திருத்தம்

விதி மிக எளிது: மரம் திரும்பும் அச்சை இருபுறமும் நீட்டினால் கிடைக்கும் கற்பனைக் கோட்டின் மீது கீழ்முனை அமைந்த எந்த வடமும், மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும், ஒரே நீளத்தில் இருக்கும். அச்சு தளமட்டத்தில் உள்ள படகுகளில் வடம் பூட்டும் தகடே அந்தக் கோட்டில் வந்துவிடும். உயரமான கூடு உள்ள படகில் அந்தக் கோடு அந்தரத்தில் இருக்கிறது.

பக்கத்தில் உயரத் தூண்கள் நிறுத்தி அவற்றில் வடங்களைப் பூட்டலாம் என்று எண்ணினோம்; ஆனால் அவற்றைச் சாயாமல் நிறுத்தவே தனியாக முட்டுகள் வேண்டும், அவை நடைவழியை அடைக்கும். முடிவில் ஒவ்வொரு பக்கவாட்டு வடத்திலும், சரியாக அச்சாணியின் மட்டத்தில், கனத்த வளையம் ஒன்றை இணைத்தோம். வளையத்துக்குக் கீழே வடத்தின் கீழ்ப்பகுதி தகட்டுக்குச் செல்கிறது. வளையத்திலிருந்து முன்னும் பின்னுமாக இரண்டு நீளாக் கயிறுகள் தளத்தின் ஓரத்துக்குச் செல்கின்றன. மரத்தைச் சாய்க்கும் முன் இந்த நான்கு கயிறுகளையும் இறுக்கிக் கட்டினால் வளையங்கள் அந்தரத்திலேயே அசையாத புள்ளிகளாகிவிடும். மேல்வடம் வளையத்தைச் சுற்றித் திரும்புகிறதே தவிர நீளம் மாறுவதில்லை. தூக்குக்கழியின் நுனியையும் அதே வளையங்களுக்குக் கயிறு கட்டி நடுக்கோட்டில் நிறுத்தினோம்; இதைச் செய்யாவிட்டால் கழி பக்கவாட்டில் விலகி, மரத்தை இழுக்கும் கயிறே அதைக் கவிழ்க்கும்.

வளையத்தின் உயரத்தில் 5 சென்டிமீட்டர் பிழை வந்தாலும் தளர்வோ இறுக்கமோ கயிற்றில் உடனே தெரிந்தது. சட்டம் ஒன்றைக் கூட்டின் குறுக்கே கிடையாக வைத்து, ரசமட்டம் பார்த்து, இருபுறமும் வளையத்தின் இடத்தைக் குறித்தோம். படகு மிதந்துகொண்டிருக்கும்போது ரசமட்டத்தை நம்ப முடியாது. இந்த ஒரு வேலைக்காகவே படகைக் கரையேற்றினோம். வளைந்த கன்னத்தை நிமிர்த்தி, இரு கன்னங்களிலும் அச்சாணியைச் சுற்றிக் கூடுதலாக ஒரு 6 மில்லிமீட்டர் தகட்டையும் பற்றவைத்தோம்.

வேறு சில சிறு வேலைகளும் இருந்தன. உச்சி விளக்கின் கம்பியைத் தளத்தருகே பிளக்கால் பிரிக்கும்படி செய்தோம். வடங்களைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள்களுக்கு அடியில் இருபுறமும் மடங்கும் இணைப்புகளைச் சேர்த்தோம். இல்லாவிட்டால் வடம் சாயும்போது திருகு வளைந்து, வெளியே தெரியாத விரிசல் விழும். பின்முனையில் மரத்தைத் தாங்கும் கவையைக் கழற்றக்கூடியதாக அமைத்தோம். அச்சாணியிலிருந்து உச்சிவரை 6.45 மீட்டர் நீளமும், பாய்மரத்திலிருந்து பின்முனைவரை 4.4 மீட்டர் தூரமும் இருப்பதால், படுத்த மரம் படகுக்குப் பின்னால் 2 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். படகைத் திருப்பும்போது அந்த நுனி கரையோர நாணலையும் பிறர் படகுகளையும் பெருக்கிச் செல்லாதபடி ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நுனியில் சிவப்புத் துணி கட்டுகிறோம்.

பயன்பாட்டில்

இரண்டாம் சோதனையில் வேண்டுமென்றே படகை உருட்டிப் பார்த்தோம். நானும் நண்பரும் இருபக்க ஓரங்களிலும் மாறிமாறி மிதித்து அசைத்தோம். சாயும் மரம் எந்தக் கோணத்திலும் படகோடு சேர்ந்தே அசைந்தது, தனித்து ஆடவில்லை. முதன்முறை பாட்டர் ஹைகமில் மரத்தைச் சாய்க்க நாற்பது நிமிடங்கள் ஆயின. அதில் பெரும்பகுதி எந்தக் கயிற்றை முதலில் கட்டுவது என்ற குழப்பம். இப்போது வரிசை பழகிவிட்டது: பாய்களை இறக்கி, பாயின் அடியோரத்தைத் தாங்கும் ‘பூம்’ என்ற கழியைக் கழற்றுவது, தூக்குக்கழியைச் செருகுவது, வளையக் கயிறுகளை இறுக்குவது, கப்பிக்கயிற்றில் சுமையை ஏற்றியபின் முன்வடத்தையும் பின்வடத்தையும் அவிழ்ப்பது, ஆப்பைத் தட்டியெடுப்பது, குறுக்குப்பட்டையைத் திறப்பது, மெல்லத் தளர்த்துவது. முன்வடத்தை அவிழ்ப்பதற்கு முன் கப்பிக்கயிறு சுமையேற்க வேண்டும் என்பது மட்டும் மாறவே கூடாத இடம். பத்து நிமிடங்களில் முடிகிறது.

மரம் படுத்த பிறகு படகின் அசைவு வேறாக இருப்பதை எதிர்பார்த்திருந்தோம். ஆனாலும் முதல் முறை திடுக்கிட்டோம். உயரத்தில் இருந்த எடை கீழே வந்ததால் படகு வெடுக்கு வெடுக்கென்று உருள்கிறது. தளத்தில் நிற்பவர் எதையாவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். நிமிர்த்தும்போது தலைக்கு மேலே மின்கம்பிகள் செல்கின்றனவா என்று பார்ப்பதை நண்பர் உரக்கச் சொல்லியே செய்கிறார். உலோக வடங்கள் சுற்றிய பாய்மரம் மின்கம்பியைத் தொட்டால் படகில் இருப்பவர்களுக்குத் தப்ப வழியில்லை.

ஒரு பருவம் முடிந்து கூட்டைக் கழற்றிப் பார்த்தோம். அச்சாணியில் தேய்மானம் இல்லை. குழலைச் சுற்றிய பசைக்கோட்டில் இடப்புறம் மட்டும் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று தெரிந்தது. முதல் சோதனையில் மரம் துவண்டபோது விழுந்ததாகவே கருதுகிறேன். அதைச் சுரண்டி மீண்டும் நிரப்பி, இருபுறமும் 4 மில்லிமீட்டர் பிளைவுட் கன்னங்களை ஒட்டினோம். அதற்கேற்பக் கூட்டின் அகலத்தையும் கூட்ட வேண்டியதாயிற்று. தூணின் தலையும் அடித்தட்டும் சந்திக்கும் இடத்தில் ஈரமில்லை, தளமும் குழியவில்லை. வளையக் கயிறுகள் நாலும் வெயிலில் வெளிறியிருந்ததால் அவற்றைப் புதிதாக மாற்றினோம். இழுக்கும் கயிறு நான்கு மடிப்பில் நண்பருக்கு இன்னும் சற்றுக் கனமாகவே இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு ஆறு மடிப்புக் கப்பிகளை வாங்கி வைத்திருக்கிறார்.